உள்ளே பார்த்த கேமரா

"நீ நிஜமாவே நின்னுக்கிட்டுதான் இருந்தியா?"

என் கணவர் இதைக் கேட்டபோது குரலை உயர்த்தவில்லை. சாப்பாட்டு மேசையில் காப்புறுதிப் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு கட்டத்தை நிரப்பத் தகவல் வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

அன்று மதியம் கேலாங்கில் லோரோங் எனப்படும் ஒரு குறுகிய சந்தில் என் காருக்கு முன்னால் போன சாமான் வேன், சாலையைக் கடந்த ஒரு பெண்மணிக்காக நின்றது. நானும் நின்றேன். அவர் கடந்து போனதும் வேன்காரருக்கு இடப்பக்கம் ஒரு பார்க்கிங் இடம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பின்னால் பார்க்காமலே ரிவர்ஸ் எடுத்து என் பம்பரில் மோதினார். பிறகு இறங்கி வந்து, நான்தான் வேகமாக வந்து அவர் வண்டியில் இடித்தேன் என்றார். பார்த்தவர் யாரும் இல்லை. அவர் சொல்லுக்கு எதிராக என் சொல். காப்புறுதி நிறுவனம் இரண்டையும் ஒரே எடையில்தான் வைக்கும் என்பது எனக்குத் தெரியும். வீட்டிலும் அதே தராசுதான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நின்னுக்கிட்டுதான் இருந்தேன்" என்றேன்.

"சரி. ஒரு கேமரா போட்டிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார்.

நான் பிசியோதெரபிஸ்ட். வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பவள். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள், மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகு மறுபடி நடக்கப் பழகுகிறவர்கள். காலையில் செங்காங்கில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் ஒரு நாளைக்கு ஐந்து வீடுகள், சிங்கப்பூர்த் தீவின் ஐந்து மூலைகளில். கார் இல்லாமல் இந்த வேலை நடக்காது. என் கணவர் கப்பல் கட்டும் பொறியாளர். அப்போது கொரியாவில் ஒரு கப்பல் தளத்தில் மேற்பார்வை வேலையில் இருந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்து நாள் விடுப்பில் வருவார். மோதல் நடந்தது அப்படி ஒரு விடுப்பின்போது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தேக்கா கடைத்தெருவுக்குப் போய்க் கேமரா வாங்கினோம். ஞாயிறு மாலை தேக்காவில் நடப்பதற்கே இடம் இருக்காது. கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போனோம். கடையில் அவர் முன்னால் நின்று விற்பனையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் காய்கறிப் பையோடு பின்னால் நின்றேன். என்ன பேசினார்கள் என்பது என் காதில் விழவில்லை. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்றுதான் வீட்டில் முடிவு செய்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது மூன்று லென்ஸ்கள் இருந்தன. மூன்றாவது சின்னது, உருண்டையானது. சுற்றிலும் கடுகு அளவில் புள்ளிப் புள்ளியாக விளக்குகள்.

"இது எதுக்குங்க?"

"உள்பக்கத்துக்கு."

"உள்ள யார் வந்து இடிக்கப் போறாங்க?"

"இந்த மாடல்ல சேர்ந்துதான் வருது. யாராவது கண்ணாடிய உடைச்சுத் திருடினா முகம் தெரியும்ல."

சிங்கப்பூரில் கார் கண்ணாடியை உடைத்துத் திருடியவரை நான் பதினாறு வருஷமாகக் கேள்விப்பட்டதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மூன்று லென்ஸ் உள்ள படத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு லென்ஸ் உள்ள மாடலின் படமும் இருந்தது. சேர்ந்து வரவில்லை. தேர்ந்தெடுத்து வாங்கியிருக்கிறார்.

பொருத்துவதற்கு அவர் இருக்கும்போதே போயிருக்கலாம். நாள் தள்ளிக்கொண்டே போய், அவர் விமானம் ஏறிய பிறகுதான் பட்டறையில் இடம் கிடைத்தது. அதுவும் அவரே போனில் பேசி ஏற்பாடு செய்தது. "நீ வண்டிய விட்டா போதும். அவர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்" என்றார். எல்லாம் என்றால் என்ன என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். நாகூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். தமிழில் தொடங்கி மலாயில் முடிப்பார். வண்டியைக் கொடுத்துவிட்டுக் காபிக் கடையில் உட்காரச் சொன்னார். நான் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"பார்க்கணுமாம்மா? பாருங்க லா. எங்கிட்ட மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று சிரித்தார். மறைப்பதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வண்டி ஹைபிரிட், இரண்டு வயது. முன்கண்ணாடியில், பின்னால் வருவதைக் காட்டும் நடுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வண்டியின் சொந்தக் கேமராவும் மழை வந்தால் வைப்பரை ஓட்டும் சென்சாரும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிய கேமரா அவற்றை மறைக்கக்கூடாது, ஓட்டுபவர் பார்வையையும் மறைக்கக்கூடாது, வைப்பர் துடைக்கும் எல்லைக்குள்ளும் இருக்க வேண்டும். அவர் கண்ணாடியில் விரலால் அளந்து, நடுக் கண்ணாடிக்கு இடப்பக்கம் ஓர் இடத்தைக் குறித்தார். ஆல்கஹால் தொட்ட துணியால் அந்த இடத்தை மூன்று முறை துடைத்தார். ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் உள்ள பகுதியில் பசை நிற்காது என்றும், நம் வெயிலுக்கு இரண்டே வாரத்தில் கழன்று மடியில் விழும் என்றும் சொன்னார்.

பிறகு வயர். பிளாஸ்டிக் கரண்டி போன்ற ஒன்றால் கூரைத் துணியின் ஓரத்தை நெம்பி, வயரை உள்ளே தள்ளிக்கொண்டே போனார். கண்ணாடி ஓரத் தூணுக்கு வந்ததும் நின்று, அதன் மூடியைக் கழற்றி எனக்குக் காட்டினார்.

"இங்க ஏர்பேக் மடிச்சு வச்சிருக்கு. வயர் இதுக்கு முன்னால போச்சுன்னா, ஏர்பேக் வெடிக்கிறப்ப அதையும் இழுத்துக்கிட்டு வந்து முகத்துல அடிக்கும். பின்னாலதான் விடணும். நெறைய பேரு அவசரத்துல முன்னால விட்டுருவாங்க."

நல்ல வேலைக்காரர்தான். அதுவும் எனக்கு ஆறுதல் தரவில்லை. நல்ல வேலைக்காரர் சொன்னதைச் சரியாகச் செய்வார். என் கணவர் என்ன சொல்லியிருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

டிரைவர் காலடியில் குனிந்து ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தபோது கேட்டேன். "சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகினா போதாதாண்ணே?"

"அது என்ஜின நிறுத்தினா கரண்ட் போயிரும். சார் பார்க்கிங்லயும் ஓடணும்ன்னு சொன்னாரு."

"வண்டிய ஆஃப் பண்ணினாலும் ஓடுமா?"

"ஓடும். ஆனா ஹைபிரிட்ல சின்ன பேட்டரி குட்டியா இருக்கும், அதுல இழுத்தா காலைல வண்டி எழுந்திருக்காது. அதனால தனி பேட்டரி." அவர் இடப்பக்க சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தார், பெரிய டிபன் பாக்ஸ் அளவு. "நீங்க ஓட்டுறப்ப இது சார்ஜ் ஏத்திக்கும். நிறுத்துனப்புறம் ஒரு நாள் பூரா தாங்கும்."

"மூணு கேமராவும்?"

"மூணும்."

கடைசியாக ஒரு சிம் அட்டையை எடுத்துக் கேமராவின் பக்கவாட்டில் சொருகினார். போனில் போடுவதைப் போன்ற அட்டை.

"கேமராவுக்கு எதுக்கு சிம்?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். "வண்டி தூரத்துல இருந்தாலும் போன்ல பார்க்கலாம்."

"யார் போன்ல?"

"சார் ஈமெயில்ல ரெஜிஸ்டர் பண்ணச் சொன்னாரு. மத்தத சார்கிட்டயே கேட்டுக்குங்கம்மா."

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஃபியூஸ் பாக்ஸின் மூடியை மூடுவதில் மும்முரமாக இருந்தார். இரண்டு ஆண்கள் சேர்ந்து ஏதோ செய்கிறார்கள், அதற்கு நான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறேன் என்று தோன்றியது.

அந்தக் கார்தான் எனக்கென்று கதவைச் சாத்திக்கொள்ள இருந்த ஓர் இடம். வீட்டில் மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள், அங்கே உரக்கப் பேச முடியாது. நோயாளிகளின் வீடுகளில் நான் எப்போதும் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே, ஏதாவது ஒரு அடுக்குமாடிக் கார்பார்க்கில் நிறுத்தி, செருப்பைக் கழற்றிக் காலை மடக்கி உட்கார்ந்து சாப்பிடுவேன். அக்காவோடு போனில் பேசுவேன். சில நாள் அழுவேன். பெரிய காரணம் ஒன்றும் இருக்காது. ஒரு நோயாளி இறந்துபோயிருப்பார், அவ்வளவுதான். இப்போது நடுக் கண்ணாடிக்குக் கீழே அந்த உருண்டை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் வாரம் நான் காலை மடக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அக்கா கூப்பிட்டால் காரை விட்டு இறங்கிப் போய்த் தூணருகே நின்று பேசினேன்.

இரண்டாவது வாரம் என் கணவரைச் சோதித்துப் பார்த்தேன். கொழுப்பு கூடியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னதிலிருந்து வெளிச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தேன். வேண்டுமென்றே கறியும் முட்டையும் அடைத்து எண்ணெயில் சுட்ட ஒரு முர்தபாக் வாங்கி வந்து, லென்ஸுக்கு நேராக உட்கார்ந்து, முழுவதையும் தின்றேன். அன்று மாலை அவர் போனில் கூப்பிட்டார். வழக்கமான பேச்சு. வைக்கும் முன், "உடம்பப் பார்த்துக்க. எண்ணெய்ப் பலகாரம் ரொம்ப சாப்பிடாத" என்றார். எப்போதும் சொல்கிறவர்தான். அன்று சொன்னது எப்போதும்போலச் சொன்னதா, பார்த்துவிட்டுச் சொன்னதா? இதை நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

தப்பு செய்கிறவருக்குத்தான் மற்றவர் மேல் சந்தேகம் வரும் என்று அக்கா சொன்னாள். கொரியாவில் அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்கு யார் காட்டப்போகிறார்கள்? ஒரு முறை வீடியோ அழைப்பில் அவர் அறையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. அழைப்பு முடியும்வரை என் கண் அந்த இரண்டாவது கோப்பையில்தான் இருந்தது. நான் இப்படிப் பார்க்கிறவள் இல்லை. அந்த லென்ஸ் வந்த பிறகு ஆகிவிட்டேன்.

இத்தனைக்கும் நடுவே நானும் ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தேன்.

குவீன்ஸ்டவுனில் ஒரு பழைய அடுக்குமாடி புளோக்கில் என் நோயாளி ஒருவர் இருந்தார். சீனர், அறுபத்து மூன்று வயது. முப்பது வருஷம் டாக்சி ஓட்டியவர், தனி ஆள். பக்கவாதத்தில் வலப்பக்கம் தளர்ந்துபோயிருந்தது. அவருக்கு அனுமதித்த பன்னிரண்டு பயிற்சித் தடவைகள் முடிந்தபோது ஊன்றுகோலோடு கழிப்பறைவரை போகிற அளவுக்குத் தேறியிருந்தார். எங்கள் நிறுவனக் கணக்கில் அவர் முடிந்துபோன கேஸ். கடைசி நாள் அவர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னது இது. "நான் வாழ்நாள் பூரா கார்ல உட்கார்ந்தவன். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும்ன்னா வீல்சேரோட வேன்ல ஃபிரிட்ஜ ஏத்துற மாதிரி ஏத்துறாங்க. ஒரு தடவ ஒழுங்கா கார் சீட்ல உட்காரணும் லா."

காரில் ஏறுவதற்குப் பயிற்சி உண்டு. அவருக்கு அதற்குள் தடவைகள் முடிந்துவிட்டன. முடிந்த கேஸை நாங்கள் தனியாகப் போய்ப் பார்க்கக்கூடாது. ஏதாவது ஆனால் காப்புறுதி இல்லை, வேலையே போகலாம். அது தெரிந்தேதான் வியாழக்கிழமை மதியங்களில் போனேன். இரண்டு மணிவரை எனக்கு அடுத்த வீடு கிடையாது. கணவரிடம் சொன்னால் உடனே நிறுத்தச் சொல்வார். அதனால் சொல்லவில்லை.

அவர் மெதுவாக லிஃப்டில் இறங்கி கார்பார்க்குக்கு வருவார். நான் என்ஜினை நிறுத்திவிட்டு இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்திருப்பேன். முதலில் சீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். உட்கார வேண்டும். பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே. அதெல்லாம் நான்கு வாரத்தில் வந்துவிட்டது. வராதது பெல்ட். இடப்பக்க சீட்டில் பெல்ட்டின் பக்கிள் வலது இடுப்பருகே இருக்கும், அவருக்கு வராததும் வலது கைதான். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அவர் பக்கம் சாய்ந்து, அவருடைய வலது கையை என் இரண்டு கைகளாலும் பிடித்து, பக்கிள் 'க்ளிக்' என்று விழும்வரை அழுத்துவேன். மறுபடி கழற்றுவோம். மறுபடி மாட்டுவோம். விழுந்தால் அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

கேமரா வந்த பிறகு முதல் வியாழன் அன்று, உள் லென்ஸை மேலே கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். திருப்பிய விரலைப் பார்த்து எனக்கே கூசியது. என்ன தப்பு செய்கிறேன் என்று இதை மறைக்கிறேன்? அடுத்த வாரம் திருப்பவில்லை. அதற்கடுத்த வாரங்களிலும் திருப்பவில்லை.

அந்த நாட்களில்தான் என் கணவரின் பேச்சு மாறியது. போனில் மகளைப் பற்றிக் கேட்டார், வீட்டுச் சாமான் பற்றிக் கேட்டார், என்னைப் பற்றிக் கேட்பதில்லை. ஒரு வியாழன் மாலை மட்டும் கேட்டார்.

"மத்தியானம் எங்க இருந்த?"

"கேஸ் இருந்துச்சு."

"எங்க?"

"குவீன்ஸ்டவுன்ல."

"ம்" என்றார். அந்த 'ம்' அவருக்குப் பதில் முன்பே தெரியும் என்று சொன்னது. நான் முழுப் பொய் சொல்லவில்லை, முழு உண்மையும் சொல்லவில்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். உள் கேமராவுக்கு மட்டும் கரண்ட்டை நிறுத்த வேண்டும் என்றேன்.

பட்டறைக்காரர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "அதுக்கு ஒண்ணையும் வெட்ட வேணாம்மா. பெரிய கேமராவுக்குப் பின்னால ஒரு சின்ன பிளக்தான். இழுத்தா வந்துரும்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "சார் போன வாரம் எனக்கு போன் பண்ணினாரு" என்றார்.

"என்ன கேட்டாரு?"

"சத்தம் பதிவாகலையேன்னு கேட்டாரு. மைக்க நான்தான் ஆஃப் பண்ணி வச்சேன். அவரு சொல்லல. நானா செஞ்சேன்."

"ஏன்?"

"என் வீட்டுலயும் என் மனைவி ஓட்டுறா. கார்ல தனியா பேசிக்கிட்டே வருவா. அத இன்னொரு ஆள் கேட்கிறது சரியில்லைன்னு பட்டுது. சார்கிட்ட, அத வண்டி பக்கத்துல நின்னு வைஃபைலதான் மாத்தணும், நீங்க வந்தப்புறம் பார்த்துக்கலாம்ன்னு சொல்லிட்டேன்."

இத்தனை நாள் இந்த மனிதரைக் கூட்டாளி என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அதே நேரம் இன்னொன்றும் புரிந்தது. என் கணவர் படத்தை மட்டும் பார்த்திருக்கிறார். சத்தமில்லாமல், ஒரு ஆண் என் காரில் ஏறி உட்கார்வதையும், நான் அவர் பக்கம் சாய்ந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடிப்பதையும், இருவரும் சிரிப்பதையும்.

பட்டறை வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து அந்தப் பிளக்கை நானே இழுத்தேன். லேசாகத்தான் இருந்தது. டாஷ்போர்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிஷம் போனில் செய்தி வந்தது.

"உள் கேமரா ஆஃப்லைன் காட்டுது. வண்டில ஏதாவது பிரச்சினையா?"

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பார்த்துக்கிட்டே இருந்தீங்களா?"

"இல்ல, நோட்டிஃபிகேஷன் வந்துச்சு."

"வேலை நேரத்துல மூணே நிமிஷத்துலயா?"

போனில் அவருக்குப் பின்னால் இரும்பு இரும்பில் அடிபடும் சத்தம் கேட்டது. அவர் எங்கோ தள்ளிப் போய் நின்றார் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது.

"அந்த ஆளு யாரு?" என்றார்.

"எத்தனை வியாழக்கிழமை பார்த்தீங்க?"

"மூணு."

"மூணு வாரமாப் பார்த்துட்டு ஒரு வார்த்தை கேட்கல."

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். கேஸ்ன்னு சொன்ன. எனக்கும் தெரியுற உன் காலண்டர்ல வியாழக்கிழமை மத்தியானம் காலியா இருக்கு. நாலு மாசமா அதே கார்பார்க்கோட கட்டணம் என் கார்டுலதான் கழியுது."

அப்படியென்றால் வேன் மோதுவதற்கு முன்பே அவருக்குள் இது தொடங்கிவிட்டது. கேமரா வேனுக்காக வாங்கியதே இல்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பக்கவாதம், டாக்சி, ஃபிரிட்ஜ், பக்கிள். நிறுவனத்துக்குத் தெரியாமல் போவதையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"கைய எதுக்குப் பிடிக்கிற?"

"அவருக்கு அந்தக் கை வராது. அதனாலதான்."

"சிரிக்கிறீங்க ரெண்டு பேரும்."

"பக்கிள் விழுந்துச்சுன்னா சிரிப்போம்."

"சத்தம் இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

"கேட்டிருந்தாலும் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அடுத்த ஐந்து வாரங்கள் நாங்கள் மகளின் பரீட்சையைப் பற்றி மட்டுமே பேசினோம். பிளக்கை நான் திரும்ப மாட்டவில்லை. அவரும் மாட்டச் சொல்லவில்லை. ஆனால் லென்ஸ் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இணைப்பு இல்லை என்று தெரிந்தும், சில நாள் அதைப் பார்க்கிற மாதிரி என் முகத்தைச் சரி செய்துகொண்டேன்.

அவர் விடுப்பில் வந்தபோது, ஒரு புதன்கிழமை சாப்பிடுகையில், "நாளைக்கு நானும் வரட்டுமா?" என்றார்.

"சோதனை போடுறதுக்கா?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆமாம்ன்னு வச்சுக்க. பொய் சொல்லி வர விரும்பல."

அந்த நேர்மையான பதில் எனக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கூட்டிப்போனேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் மனசுக்குள் அந்த மௌனப் படம் ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

என் கணவர் பின் சீட்டில் உட்கார்ந்தார். குவீன்ஸ்டவுன் பெரியவர் ஊன்றுகோலோடு லிஃப்டிலிருந்து வந்து, குனிந்து உள்ளே பார்த்து, ஆங்கிலத்தில் கேட்டார். "இவர் யாரு, இன்ஸ்பெக்டரா?"

"என் ஹஸ்பண்ட்" என்றேன்.

"ஓ. உங்க மனைவி ரொம்ப ஸ்ட்ரிக்ட் லா" என்றார் பெரியவர் அவரிடம். முதுகைக் காட்டி, உட்கார்ந்து, ஒரு கால், பிறகு இன்னொரு கால். நான் சாய்ந்து கையைப் பிடித்தேன். முதல் தடவை விழவில்லை. இரண்டாவது தடவையும் விழவில்லை. பெரியவர் நெற்றியில் வியர்வை. மூன்றாவது முறை என் கையை விலக்கச் சொல்லிவிட்டு, இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து வலது கையின் மேல் வைத்து அழுத்தினார். பக்கிள் விழுந்தது. நான் சிரிக்கவில்லை. பின்னால் இருப்பவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் பின்னால் திரும்ப முடியாமல், முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார். "மிஸ்டர், சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அங்கிள்" என்றார் என் கணவர்.

வீட்டுக்கு வரும் வழியில் விரைவுச்சாலையில் ஏறிய பிறகு என் கணவர், "தப்புதான்" என்றார்.

"எது?"

"பார்த்தது. பார்த்துட்டு கேட்காம இருந்தது."

"எங்கிட்ட சொல்லாம வச்சது?"

"அதுவும்."

நானும் மறைத்தேன், அது தப்பு என்று என் பங்குக்குச் சொன்னேன். ஆனால் இரண்டும் ஒரே அளவு தப்பு என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் அப்படிச் சொல்ல வந்தபோது தடுத்துவிட்டேன்.

அன்று மாலையே கேமராவின் கணக்கை என் ஈமெயிலுக்கு மாற்றச் சொன்னேன். கடவுச்சொல்லைக் கொடுப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கினார். அந்த ஒரு கணத்தை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். பிறகு கொடுத்தார். முன் கேமராவும் பின் கேமராவும் இன்றும் ஓடுகின்றன. உள் லென்ஸை அவரே மீன்பிடி நூலால் அறுத்து எடுத்து, கண்ணாடியில் இருந்த பசையைச் சுரண்டித் துடைத்தார். அந்த லென்ஸை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. குப்பையில் போட்டதை மட்டும் நான் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் செய்தேன். அடுத்த திங்கட்கிழமை என் மேலாளரிடம் வியாழக்கிழமைகளைப் பற்றி நானே சொன்னேன். எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது, இனிப் போகக்கூடாது என்றார்கள். ஆனால் மேலாளர் அந்த வட்டாரத்தின் தொண்டூழியர் குழுவிடம் பேசி, வாரம் ஒரு முறை கார் வைத்திருக்கும் ஒருவர் பெரியவரிடம் போக ஏற்பாடு செய்தார். கடைசி முறை விடைபெறப் போனபோது பெரியவர் என் மேல் கோபமாக இருந்தார். சொல்லியிருக்க வேண்டாம், இன்னும் மூன்று மாதத்தில் யாருக்கும் தெரியாமல் முடித்திருக்கலாம் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தும் சொல்லிவிட்டதில் ஒரு நிம்மதி இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பெரியவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பாலிகிளினிக்குக்குத் தனியாக டாக்சியில் போயிருக்கிறார். முன் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைத் தானே மாட்டியிருக்கிறார். அதை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு, மீதிச் செய்தி முழுவதும் அந்த டாக்சி டிரைவரைத் திட்டினார். எந்த இடத்தில் இடது பக்கம் திரும்பியிருக்க வேண்டும், எந்த சிக்னலில் வீணாக நின்றார், இந்தக் காலத்து ஆட்களுக்கு மேப் இல்லாமல் ஒரு ரோடும் தெரியாது என்று.